வேலூர்ச் சிப்பாய்களும் வதந்தியும், 1806

உலகப் போர்க் காலங்களில் மேனாடுகளில் விற்கப்பெற்ற நகைச்சுவை அஞ்சலட்டைகளுள் சில, படையணிகளில் வதந்தி வாய்க்கு வாய் வளர்ந்து திரிவதை எள்ளின. படையில் எழும் வதந்தி நகைப்புக்கு மட்டுமே உரியதோ என்பதை ஆராய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணியில் 1782-இல் ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் பொருதன. அவ்வூருக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள வேலூர்க் கோட்டை இதற்குத் தக்க சான்றாகும்.

1805 நவம்பரில் சென்னைப் படைத்தலைமை சமயக்குறி, காதணி, தாடி ஆகியவற்றை விலக்கிப் புதிய தலைப்பாகையையும் விதித்தது. அது பரங்கியர் தொப்பியே என்றும், அணிந்தோர் கிறித்தவராக்கப்படுவர் என்றும் பேச்சுப் பரவியது. கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தான் மைந்தரின் பணியாளர் சிப்பாய்களை ஏளனம் செய்தனர். 1806 மே திங்களில் தலைப்பாகையை மறுத்தவருள் இருவர்க்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. மதம் மாற்றும் திட்டம் அரசிடம் இருந்ததற்குச் சான்றில்லை. ஆயினும் சமயக்குறியை அழிக்கச் சொன்ன ஆணை மெய்யே. செய்தி பொய்யாயினும் அதனை ஈன்ற அச்சம் பொய்யன்று.

சூன் திங்களில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், கிளர்ச்சி உருவாவதைக் கர்னல் போர்ப்சிடம் தெரிவித்தான். அதனை ஆராய்ந்த இந்திய அலுவலர் அவனைப் பித்தன் என்றனர், அவன் சிறையிடப்பட்டான். சூலை 10-ஆம் நாள் விடியுமுன் கிளர்ச்சி வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெசுபி விரைந்து வந்து அதனை ஒடுக்கியபோது சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். ஆணை திரும்பப் பெறப்பட்டது. முஸ்தபா பேக் பரிசு பெற்றான். ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் 1807-இல் திருப்பி அழைக்கப்பெற்றனர்.

மெய்யான எச்சரிக்கையை வெறும் பேச்சென ஒதுக்கியோர், பின்னர் வெறும் பேச்சுக்கும் அஞ்சினர். 1806 நவம்பரில் பாளையங்கோட்டையில் மேஜர் வெல்சு, சதி என்னும் ஐயத்தால் முசுலீம் சிப்பாய்களின் படைக்கலங்களைப் பறித்து வெளியேற்றினார். எனவே வதந்தி கீழணிக்கே உரியதன்று என்பது பெறப்படும்.

சிப்பாய்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்திலர். அவர்தம் உள்ளத்தை அவர்களை விசாரித்தோர் வதந்தி எனக் குறித்த சொற்களிலேயே நாம் தேட வேண்டியுள்ளது. பொய்யெனக் கண்டு வதந்தியைத் தள்ளிவிடின், அதனைச் சொன்னவரையும் தள்ளியவராவோம்.