மண்ணுரிமையும் மரநடவும்

நெல் விதைத்தவன் ஆறு மாதத்திற்குள் அறுத்துவிடுவான். ரப்பர் நட்டவனோ பால் காண ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். நாளை இந்நிலம் தன்னுடையதன்று என அஞ்சுகிறவன், அத்தனை காலம் பணத்தையும் உழைப்பையும் மண்ணில் புதைப்பானா?

பண்டை மலாய் நாட்டு வழக்கம் இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. காடாய்க் கிடந்தது ‘தானா மத்தி’, அதாவது செத்த நிலம். ஒருவன் அதை வெட்டித் திருத்திப் பயிரிட்டால் ‘தானா ஹிடுப்’, உயிருள்ள நிலமாகி, அவனுக்கு உரியதாகும். வயலைத் தரிசாக விட்டுச் சென்றால் மூன்றாண்டில் உரிமை நீங்கும். பழத்தோட்டமாயின் மரங்கள் நிற்குமட்டும் உரிமையும் நிற்கும். உழைப்பே பட்டயமாயிருந்த அம்முறையில் நியாயம் இருந்தது. எனினும், எழுத்தில் இல்லாத உரிமையை நம்பித் தூரதேசத்து முதலாளி காசு இறக்கமாட்டான்.

இவ்வழக்கங்களை ஆராய்ந்து 1884-ஆம் ஆண்டில் எழுதிய மாக்ஸ்வெல் என்னும் ஆங்கில அதிகாரியே, ஆஸ்திரேலியாவில் பிறந்த டாரன்ஸ் பதிவு முறையை இங்குக் கொணர முன்னின்றார். பதிவேட்டில் எவன் பெயருண்டோ அவனே உடையவன். அதை ஈடுவைத்துக் கடன் வாங்கலாம், விற்கலாம். 1896-இல் டான் சே யான் மலாக்காவில் ரப்பர் நட்டார். அடுத்த சில ஆண்டுகளில் லண்டன் பணம் வெள்ளமாய் வந்தது.

காட்டை அழித்து நட்டவருள் நம்மவர் எண்ணற்றோர். பழைய அளவுகோலால் அளந்தால், செத்த நிலத்திற்கு உயிர் கொடுத்தவர் அவர். புதிய பதிவேட்டிலோ அவர் பெயரே இல்லை. லயத்து வீடும் வேலையுள்ளமட்டுந்தான். அத்தகையவர் வீட்டோரம் கீரை போடுவார். தென்னங்கன்று வைக்க யோசிப்பார். இதைச் சோம்பல் என்பது அறியாமை.

1950-களில் தோட்டத் துண்டாடல் மும்முரமாயிற்று. இன்று வாங்கி நாளை கூறுபோட்டு விற்பவனுக்கு மறுநடவில் என்ன அக்கறை? தொழிலாளரோ வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். 1960-இல் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. பங்கு நூறு வெள்ளி. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். கள்ளுக்கடைக்குப் போயிருக்கக்கூடிய காசு தோட்டம் வாங்கிற்று! மறுநடவுக்கு மனமுள்ள உடைமையாளராய் அச்சங்கம் நின்றது. ஆயினும் பட்டயம் சங்கத்தின் பெயரில். தொழிலாளி கையில் பங்குச் சீட்டு. 1956-இல் தொடங்கிய பெல்டா நிலக்குடியேற்றத்திலோ, கடன் தீர்ந்தபின் குடியேறியவன் பெயரிலேயே பட்டயம் எழுதித் தரும் ஏற்பாடு இருந்தது.