விபத்தில் தப்பிய தாள்கள்

1855 ஜனவரியில் சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். என்றைக்காவது உதவும் என்று தோன்றிய பெயர்களையும் கதைத் துணுக்குகளையும் அதில் எழுதி வைத்தார். பணக்காரர் என்று நம்பி ஒருவரை ஒருவர் மணந்துகொள்ளும் இரண்டு ஏமாற்றுக்காரர்கள் அத்துணுக்குகளில் ஒன்று. அவருடைய 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' நாவலுக்கு விதை விழுந்த இடங்களில் இந்தக் குறிப்பேடும் உண்டு. அந்த இருவரும் நாவலில் லாம்லே தம்பதி ஆனார்கள்.

நாவல் 1864 மே முதல் மாதப் பகுதிகளாக வெளிவந்தது. பகுதிக்கு 32 அச்சுப் பக்கம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அச்சான பகுதியைத் திரும்ப அழைத்துத் திருத்த வழியில்லை. ஐந்து பகுதிகளாவது கையில் இருந்தால்தான் வெளியீட்டைத் தொடங்குவது என்று டிக்கன்ஸ் தீர்மானித்திருந்தார்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு திட்டத் தாள் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். தாளின் இடப்பக்கம் தனக்குத் தானே கேட்டுக்கொண்ட கேள்விகள் இருக்கும்: இந்தப் பாத்திரத்தை இப்போது கொண்டுவரலாமா? இந்த ரகசியத்தை உடைக்கலாமா? அவற்றின் அருகிலேயே சுருக்கமாகப் பதிலும் இருக்கும். பொறுத்திரு என்பதும் அந்தப் பதில்களில் ஒன்று. வலப்பக்கம் அத்தியாயங்களின் தலைப்பும் சாரமும். இந்தப் பக்கத்தைச் சில சமயம் எழுதி முடித்த பிறகே நிரப்பினார். அப்போது அது வரப்போவதைச் சொல்லும் திட்டமாக இல்லாமல், நடந்ததை அடுத்த மாதத்துக்கு நினைவூட்டும் பதிவாகவே பயன்பட்டது.

இவ்வளவு ஏற்பாட்டோடு எழுதியும் தொடக்கத்திலேயே அளவு தவறியது. முதல் பகுதிகள் நீண்டுவிட, ஓர் அத்தியாயத்தை இடம் மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் விழுந்த இடைவெளிக்குப் புதிதாக ஒன்று தேவைப்பட்டது. 1864 பிப்ரவரியில் அவர் அதை யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், நாவலுக்குப் படம் வரைந்த இளைஞர் மார்கஸ் ஸ்டோன் ஒரு செய்தியோடு வந்தார். லண்டனின் செயின்ட் கைல்ஸ் பகுதியில் எலும்புகளையும் பாடம் செய்த உயிரினங்களையும் வைத்துத் தொழில் நடத்தும் ஒரு கடையைக் கண்டுபிடித்திருந்தார். டிக்கன்ஸ் உடனே அவருடன் கிளம்பிப்போய் அந்தக் கடையைப் பார்த்தார். அங்கிருந்து பிறந்த பாத்திரம்தான் எலும்புக்கூடுகளை இணைத்துக் கொடுக்கும் மிஸ்டர் வீனஸ்.

தற்செயலாக வந்த இந்த மனிதர் ஓர் அத்தியாயத்தோடு போய்விடவில்லை. நாவலில் செல்வந்தரான பாஃபினுக்கு எதிராக வெக் என்ற பாத்திரம் செய்யும் சதியில் கூட்டாளியாகிறார். பிறகு மனம் மாறி, பாஃபினிடமே உண்மையைச் சொல்லிவிடுகிறார். பாஃபின் கருமியாக நடிப்பது டிக்கன்ஸ் நெடுங்காலம் வாசகரிடமிருந்து மறைத்து வளர்த்த திட்டம். அந்தத் திட்டத்துக்கு வீனஸ் தவிர்க்க முடியாத கண்ணியாகிவிட்டார்.

1865 ஜூன் 9 அன்று 16ஆம் பகுதிக்கான தாள்கள் டிக்கன்ஸின் மேலங்கியோடு ரயில் பெட்டியில் இருந்தன. பிரான்சிலிருந்து திரும்பிய அவர், ஃபோக்ஸ்டனில் லண்டன் ரயில் ஏறியிருந்தார். கென்ட் மாவட்டத்தின் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் அருகே பாலத்தில் பழுது பார்ப்பதற்காகத் தண்டவாளத்தைக் கழற்றியிருந்தார்கள். ரயில் வரும் நேரத்தை மேற்பார்வையாளர் தவறாகப் பார்த்துவிட்டார். பெட்டிகள் கீழே சரிந்தன. பத்துப் பேர் இறந்தார்கள். டிக்கன்ஸின் பெட்டி பாலத்தில் சாய்ந்தபடி தொங்கி நின்றது. வெளியேறியவர் தொப்பியில் தண்ணீர் மொண்டுவந்து காயம்பட்டவர்களுக்குக் கொடுத்தார். செய்ய முடிந்ததையெல்லாம் செய்த பிறகே தாள்கள் நினைவுக்கு வர, தொங்கும் பெட்டிக்குள் மீண்டும் ஏறி அவற்றை எடுத்துவந்தார். பாஃபின் வீட்டுக்கு லாம்லே தம்பதி காலை உணவுக்கு வரும் காட்சி அவற்றில் இருந்தது. குறிப்பேட்டில் ஒரு துணுக்காகத் தொடங்கியவர்கள் அன்று மயிரிழையில் தப்பினார்கள்.

விபத்தின் அதிர்ச்சி அவரை விடவில்லை. 16ஆம் பகுதி இரண்டரைப் பக்கம் குறைவாக வந்திருப்பதைப் பார்த்து அவரே வியந்தார். முதல் நாவலான 'பிக்விக்' காலத்துக்குப் பிறகு அப்படி நேர்ந்ததே இல்லை. குறையை நிரப்பிக் கொடுத்தார். அந்த நவம்பரில் நாவலின் வெளியீடு நிறைவுற்றது.

நாவலை 'தி டைம்ஸ்' இதழில் பாராட்டி எழுதிய விமர்சகர் இ. எஸ். டல்லாஸுக்கு அதன் கையெழுத்துப் பிரதியை டிக்கன்ஸ் பரிசளித்தார். பிறகு அது விலைக்குப் போய், அட்லாண்டிக்கைக் கடந்து, ஃபிலடெல்ஃபியாவின் பதிப்பாளர் ஜார்ஜ் டபிள்யூ. சைல்ட்ஸிடம் சேர்ந்தது. அவர் அதை அங்குள்ள டிரெக்ஸல் கல்வி நிறுவனத்துக்குக் கொடுத்தார். 1944 முதல் நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில், திட்டத் தாள்களோடு சேர்ந்தே இருக்கிறது.

நாவலைத் திட்டமிட்டு எழுதுவதா, போகிற போக்கில் எழுதுவதா என்று குழம்புகிறவர்கள் இந்தப் பிரதியின் வரலாற்றை அறிய வேண்டும். யார் உண்மையில் சாகவில்லை, யார் நடிக்கிறார், எந்த ரகசியம் எதுவரை காக்கப்பட வேண்டும் என்பவற்றில் டிக்கன்ஸ் உறுதியாக இருந்தார். அவற்றை யார் வழியாக, எந்தக் கடையில், எந்த மேசையில் நிகழ்த்துவது என்பதை எழுதும் வேளைக்கு விட்டுவைத்தார். கதையில் எங்கே குறை இருக்கிறது என்று அறிந்திருந்ததால்தான் ஸ்டோன் கொண்டுவந்த செய்தியின் மதிப்பு அவருக்கு அந்தக் கணமே புரிந்தது. திட்டம் இல்லாதவருக்கு அது கேட்டு மறக்கும் ஒரு வேடிக்கைச் செய்தி. திட்டத்தை இறுகப் பூட்டியவருக்கோ அது இடையூறு.