மகமையும் தண்டவாளமும்: பயணிகள் ரயிலுக்கு ஊர்ப்பணம்

1. கேள்வி

அமெரிக்கப் பழங்குடிகள் நடத்தும் சூதாட்ட விடுதிகளின் நிகர வருவாயை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளுக்கு உதவுவதும் அவற்றுள் ஒன்று. கனெக்டிகட்டில் மொகீகன், பீக்வாட் பழங்குடிகள் சூதாட்ட இயந்திர வருவாயில் 25 விழுக்காட்டை மாநிலத்துக்குக் கொடுத்துவருகின்றனர். இப்படிப்பட்ட கூட்டில் பயணிகள் ரயிலை ஓட்ட முடியுமா?

ரயில் நிலையம் இல்லாத செட்டிநாட்டு ஊரான வலையபட்டியில் இருந்துகொண்டு கேட்டால் கேள்வியே மாறிவிடுகிறது. நம்மிடம் சூதாட்ட விடுதி இல்லை. 1968இல் அரசே தொடங்கிய பரிசுச்சீட்டையும் 2003இல் தடை செய்தாயிற்று. ஆனால் ஓர் இனம் தன் தொழில் வருவாயில் பங்கு பிரித்துப் பொதுக்காரியம் செய்யும் பழக்கம் இங்கே பழையது.

2. மகமை

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் பேரேட்டில் தெய்வத்தின் பெயரிலும் கணக்கு உண்டு. ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டித்தொழில் செய்தவர்கள் ஒதுக்கிய மகமை எனும் அந்தப் பங்கு கோயிலாக, சத்திரமாக, பாடசாலையாக ஊர் திரும்பியது. இழப்பவரின் பணத்தில் கொழிக்கும் விடுதியோடு இதை ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள், பர்மாவில் கடனுக்கு நிலத்தை இழந்த விவசாயியையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அரசோடு கூட்டு என்பதற்கும் காரைக்குடியிலேயே சான்று உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. ஆனால் அது ஒருமுறைக் கொடை. அன்றாடச் செலவை அரசு ஏற்றது.

3. ஜில்லா போர்டு ரயில்

மாவட்ட உள்ளாட்சி அமைப்பான தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தின்மேல் கூடுதல் வரி போட்டுத் தண்டவாளத்துக்குப் பணம் திரட்டியது. 1894இல் மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதை திறந்தது. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. ரயில் வந்தால் யார் நிலம் விலை ஏறுமோ அவர்தான் வரி கட்டினார் என்பதே இந்த ஏற்பாட்டின் நேர்மை. குத்தகைக்காரர் தலையில் அது எவ்வளவு இறங்கியது என்பது தனி ஆய்வுக்குரியது. பாதை 1903இல் அறந்தாங்கியைத் தொட்டது. காரைக்குடிக்கு 1952இல்தான் வந்தது. அதற்குள் 1930லேயே திருச்சி–மானாமதுரைப் பாதை செட்டிநாட்டைக் கடந்துவிட்டிருந்தது.

4. கேட்டை மூட ஆள்

காரைக்குடி வரை நீண்ட அந்த ஜில்லா போர்டு பாதைதான் இந்த ஆய்வின் மையச் சான்று. மீட்டர் கேஜை அகலப்பாதையாக மாற்றிய பின், 2019 ஜூனில் திருவாரூர்–காரைக்குடி வண்டி ஓடத் தொடங்கியது. சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கேட் கீப்பர்கள் போதவில்லை. வண்டியில் வந்த ஊழியரே இறங்கி கேட்டை மூடுவார்; வண்டி கடந்து நின்றதும் கடைசிப் பெட்டியில் வந்தவர் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். தண்டவாளம் போடப் பணம் இருந்தது, கேட்டுக்கு ஆள் போட இல்லை.

5. பொருத்தம்

பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடுதான் கட்டணத்தில் திரும்புகிறது என்று ரயில்வே டிக்கெட்டிலேயே அச்சிட்டது. ஆகவே பயணிகள் ரயிலுக்குத் தேவை கல்வெட்டில் பெயர் பொறிக்கும் கொடை அன்று. ஆண்டுதோறும் விழும் பங்கு. பழங்குடி ஒப்பந்தமும் மகமையும் நிலவரியும் ஒன்றுபடும் இடம் இதுதான். கொடுப்பவருக்கு என்ன உரிமை என்பதில்தான் வேறுபாடு. மகமை கொடுத்தவர் கோயில் கணக்கைக் கேட்கலாம். ஜில்லா போர்டு பாதையின் சொந்தக்காரராகவே இருந்தது. இன்று ஓர் ஊர் கேட் கீப்பர் சம்பளத்தை ஏற்றால், வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று சொல்ல அதற்கு இடம் உண்டா?