பாட்டு எழுப்பிய மண்டபம்

லாலாகுடாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை ஊர்விட்டு அழைத்து வந்தது, 1893-இல் அமைந்த ரயில்வே பட்டறை. வந்தவர்கள் பெட்டி படுக்கையுடன் தங்கள் பாட்டையும் கொண்டுவந்தனர். ஆயினும் தாலாட்டும் கும்மியும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றன. பிறமொழியார் முன் பாட நம் பிள்ளைகள் கூசுகின்றனர். இதே கூச்சத்தை வென்று தம் கல்லூரியையே காத்த மாணவர்களின் வரலாறு ஒன்று உண்டு.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865-இல் ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென, மறு ஆண்டே டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரில் பிஸ்க் பள்ளி தொடங்கிற்று. விரைவில் அது பல்கலைக்கழகமாயிற்று. போர்க்காலத்து இராணுவ மருத்துவமனைக் கொட்டகைகளே அதன் வகுப்பறைகள். ஐந்தாண்டுகளில் கொட்டகைகள் சிதைந்தன, கடன் பெருகிற்று. பொருளாளரும் இசையாசிரியருமான ஜார்ஜ் ஒயிட், ஒன்பது மாணவ மாணவியருடன் 1871 அக்டோபர் 6-ஆம் நாள் நிதி திரட்டப் புறப்பட்டார். அம்மாணவருள் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள்.

தொடக்கத்தில் அவர்கள் பாடியவை, வெள்ளையர் மேடைகளில் வழங்கிய பாடல்கள். வருவாய் சொற்பம், விடுதிகளோ நிறம் கண்டு இடம் மறுத்தன. ஒஹையோ மாநிலத்தில் கிடைத்த ஐம்பது டாலருக்கும் குறைவான தொகையையும், அப்போது பெருந்தீயில் வெந்த சிகாகோ நகரத்தாருக்கு ஈந்துவிட்டனர்.

அவர்களிடம் வேறு பாடல்களும் இருந்தன. அடிமை வாழ்வில் பெற்றோர் பாடிய பக்திப் பாடல்கள் அவை. பெற்றோர் புனிதமாய்ப் போற்றியவை. பழைய துயரை நினைவூட்டுபவை. ஆகவே அவற்றை அந்நியர் முன் பாடத் தயங்கினோம் என்று, குழுவின் பியானோக் கலைஞரான எலா ஷெப்பர்ட் பின்னாளில் எழுதினார். அவ்வாண்டு நவம்பரில், ஓபர்லின் நகரில் திருச்சபைப் பிரதிநிதிகள் கூடிய மன்றத்தில், அத்தகைய பாடல் ஒன்றை மெல்லிய குரலில் பாடினர். சபை உருகிற்று. பக்கவாத்தியமின்றி ஒருவர் குரலை மற்றவர் குரல் தாங்கும் இசை அது. சுருதி பிசகினால் மறைத்துக்கொள்ள வாத்தியம் இல்லை. பெற்றோரின் பாடல்களே பிறகு அவர்கள் நிகழ்ச்சியின் உயிராயின.

விவிலியம் கூறும் விடுதலை ஆண்டை எண்ணி, ஒயிட் அவர்களுக்கு ஜூபிலி பாடகர்கள் என்று பெயர் சூட்டினார். 1873-இல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியார் முன் பாடினர். பாடிச் சேர்த்த பணத்தால் 1876-இல் ஜூபிலி மண்டபம் எழுந்தது. 1878-க்குள் திரட்டிய தொகை ஏறத்தாழ 1,50,000 டாலர். குழுவில் இருந்த பிரெடெரிக் லவுடின் பின்னர் அமைத்த பாடகர் குழு, 1884-இல் தொடங்கிய ஆறாண்டு உலகப் பயணத்தில் இந்தியாவிற்கும் வந்து பாடிற்று.

அம்மண்டபம் இன்றும் நிற்கிறது. கல்லூரியின் மாணவர் குழுவும் தொடர்ந்து பாடுகிறது. 2021-இல் கிராமி விருதும் பெற்றது. எந்தப் பாட்டை வெளியிடக் கூசினரோ, அதுவே அவர்களுக்குக் கூரையாயிற்று. அடுத்த கல்லூரி விழாவில் என்ன பாடுவது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.