வரிசைச் சோடியும் இராமானுஜன் தீர்த்த வீட்டு எண் கணக்கும்

இரு மாறிகள் கொண்ட ஒரு சமன்பாட்டின் தீர்வு, வரிசைப்படி எழுதப்பட்ட இரண்டு எண்கள் ஆகும். இதனை வரிசைச் சோடி என்பர். (X, y) என்று எழுதுவர். மாணவர்கள் இப்பாடத்தில் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, சோடியின் வரிசையை மாற்றி எழுதுவது. மற்றொன்று, ஒரு சோடி கிடைத்தவுடன் கணக்கு முடிந்தது என்று எண்ணுவது. இவ்விரண்டையும் தெளிவாக்கும் நிகழ்ச்சி ஒன்று கணித வரலாற்றில் உள்ளது. அதன் நாயகர் திருப்பூருக்கு அருகிலுள்ள ஈரோட்டில் பிறந்தவர்.

பனியன் பெட்டிக் கணக்கு

முதலில் திருப்பூர் மாணவர் அறிந்த ஒரு கணக்கைப் பார்ப்போம். 60 பனியன்களைப் பெட்டிகளில் அடுக்க வேண்டும். சிறிய பெட்டியில் 3 பனியன், பெரிய பெட்டியில் 5 பனியன் அடங்கும். சிறிய பெட்டிகள் x, பெரிய பெட்டிகள் y எனில்,

3x + 5y = 60

எந்தப் பெட்டியும் குறையாக இருக்கக் கூடாது. எனவே x, y முழு எண்களாக இருக்க வேண்டும். தீர்வுகள்: (0, 12), (5, 9), (10, 6), (15, 3), (20, 0). ஆக, ஐந்து வகையில் அடுக்கலாம்.

இதில் (5, 9) என்பதை (9, 5) என்று மாற்றிக் குறித்தால் என்ன ஆகும்? 27 + 25 = 52. அதாவது, பெட்டிகளை நிரப்பிய பின் 8 பனியன்கள் வெளியே நிற்கும். எண்கள் அவையே, வரிசை மாறியதால் கணக்குத் தவறியது.

ஆரியபட்டரின் குட்டகம்

ஒரு தீர்விலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது x-இல் 5 கூடுகிறது, y-இல் 3 குறைகிறது என்பதைக் கவனிக்கவும். ஒரு சோடி தெரிந்தால் மற்றவற்றை எளிதில் எழுதலாம். முதல் சோடியைக் காண்பதே கடினம். இவ்வகைச் சமன்பாடுகளுக்கு முழு எண் தீர்வு காணும் வழியை ஆரியபட்டர் பொ.ஊ. 499-இல், தம் 23-ஆம் வயதில், 'ஆரியபட்டீயம்' நூலில் தந்தார். பின்னர் இம்முறை 'குட்டகம்' எனப் பெயர் பெற்றது. அச்சொல் இடித்துப் பொடியாக்குதலைக் குறிக்கும். பெரிய எண்களை வகுத்து வகுத்துச் சிறிய எண்களாக்குவதே அம்முறை.

1914: கேம்பிரிட்ஜில் ஒரு புதிர்

சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். அப்போது ஈரோடும் திருப்பூரும் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. கும்பகோணத்தில் வளர்ந்த அவர் 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அவ்வாண்டு டிசம்பர் மாத 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஒரு புதிர் வந்தது. ஒரு தெருவின் ஒரு பக்கத்து வீடுகளுக்கு 1, 2, 3 என எண்கள் இடப்பட்டுள்ளன. ஒரு வீட்டுக்கு முன்னுள்ள எண்களின் கூடுதலும் பின்னுள்ள எண்களின் கூடுதலும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள் உள்ளன. அந்த வீட்டின் எண் யாது?

அங்குப் படித்துக்கொண்டிருந்த பி. சி. மகலனோபிசு, பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர், எண்களைப் போட்டுப் பார்த்தே விடை கண்டார். அதை இராமானுஜனிடம் கேட்டபோது அவர் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். கிளறியபடியே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அதன் முதல் பகுதி புதிரின் விடை. அடுத்தடுத்த பகுதிகள், தெரு எவ்வளவு நீளமானாலும் கிடைக்கக்கூடிய மற்ற விடைகள். ஒரு சோடியைக் கேட்டவருக்கு எல்லாச் சோடிகளும் கிடைத்தன.

சமன்பாடு உருவாகும் விதம்

வீட்டின் எண் x, மொத்த வீடுகள் n எனில், இரு கூடுதல்களையும் சமப்படுத்திச் சுருக்கினால் 2x² = n² + n என வரும். இரு பக்கமும் 4-ஆல் பெருக்கி 1 கூட்டினால்,

8x² + 1 = (2n + 1)²

2n + 1 என்பதை y என்று எழுதினால், y² − 8x² = 1. இவ்வகைச் சமன்பாட்டைப் பிரம்மகுப்தர் பொ.ஊ. 628-இல் 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' நூலில் ஆராய்ந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் இதனை ஆங்கிலேயரான பெல்லின் பெயரோடு தவறாக இணைத்தார். ஆகவேதான் இன்றும் பெல் சமன்பாடு என்கிறார்கள். பெல்லுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முந்தியவர் பிரம்மகுப்தர்.

இரு சோடிகளைச் சேர்த்துப் புதிய சோடி உண்டாக்கும் அவரது விதி 'பாவனை' எனப்படும். (a, b), (c, d) தீர்வுகள் எனில், (ad + bc, bd + 8ac) என்பதும் தீர்வே. இங்கே முதலில் x, பிறகு y. x = 1, y = 3 என்பது கண்ணுக்குத் தெரியும் தீர்வு. (1, 3)-ஐ அதனோடேயே சேர்த்தால் (6, 17). மீண்டும் (1, 3)-ஐச் சேர்த்தால் (35, 99). பிறகு (204, 577).

நம் பழைய நூல்களில் சோடியின் சிறிய எண்ணைக் கனிஷ்டம் என்றும் பெரிய எண்ணை ஜ்யேஷ்டம் என்றும், அதாவது இளையது, மூத்தது என்று அழைத்தனர். எந்த எண் எந்த இடத்துக்கு உரியது என்பதை அப்பெயர்களே காட்டின.

y-இலிருந்து 1 கழித்துப் பாதியாக்கினால் n கிடைக்கும். ஆக (x, n) சோடிகள்: (1, 1), (6, 8), (35, 49), (204, 288), (1189, 1681)... இதற்கு முடிவே இல்லை. 49 வீடுகள் 50-க்குக் குறைவு. 1681 வீடுகள் 500-க்கு மேல். எனவே புதிரின் விடை (204, 288) மட்டுமே. சரிபார்ப்போம்: 1 முதல் 203 வரை கூடுதல் 20,706, 205 முதல் 288 வரை கூடுதலும் 20,706. சோடியை மாற்றி எழுதினால், 204 வீடுகள் உள்ள தெருவில் 288-ஆம் வீட்டைத் தேட வேண்டியிருக்கும்!

புள்ளியும் வரையறையும்

சமன்பாட்டை வளைகோட்டோடு இணைக்கும் வழியை 1637-இல் டேக்கார்ட் வெளியிட்டார். அவ்வழி வளர்ந்து, சோடி என்பது வரைபடத்தாளில் ஒரு புள்ளியாயிற்று. நேரிய சமன்பாட்டின் சோடிகள் யாவும் ஒரே நேர்கோட்டில் அமைவதால்தான் வரைபடம் மூலம் தீர்வு காண முடிகிறது. வரிசைச் சோடிக்குக் கணங்களின் வழியே வரையறை தந்தவர் நோர்பர்ட் வீனர். ஆண்டு, புதிர் வெளிவந்த அதே 1914. இன்று வழங்கும் எளிய வரையறையைக் குராத்தோவ்ஸ்கி 1921-இல் தந்தார்.

மாணவர் கவனத்திற்கு

இரு மாறிச் சமன்பாட்டைக் கண்டால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சோடியில் முதல் எண் எதைக் குறிக்கிறது? ஒரு சோடியிலிருந்து அடுத்ததற்கு எப்படிச் செல்வது? கணக்கில் உள்ள நிபந்தனை எந்தச் சோடியை ஏற்கிறது? பனியன் பெட்டிக்கும் கேம்பிரிட்ஜ் புதிருக்கும் கேள்விகள் இவையே. விடைத்தாளில் x = 5 என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அது பாதி விடைதான். பெரிய பெட்டிகள் எத்தனை என்பதையும் எழுதினால்தான் 60 பனியன்களுக்கும் இடம் கிடைக்கும்.