ஹீத்கோட் நாடகக் கல்வி முறை

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்து, இளவயதில் கம்பளி ஆலையில் வேலை பார்த்த டாரத்தி ஹீத்கோட் (1926–2011) வகுத்த கற்பித்தல் முறை. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தபடியே இதை வளர்த்தார். மேடையோ மனப்பாட வசனமோ பார்வையாளரோ தேவையில்லை. ஆசிரியரும் ஒரு பாத்திரமாக உள்ளே வருவார்: உதவி கேட்கும் ஊர்க்காரராகவோ, வழி தெரியாமல் தவிக்கும் அதிகாரியாகவோ. பிள்ளைகள் மாலுமிகளாகவோ அருங்காட்சியகப் பொறுப்பாளர்களாகவோ மாறி, சிக்கலைத் தாங்களே பேசித் தீர்ப்பார்கள். முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஆசிரியர் விடையைக் கையில் வைத்துக்கொண்டு வராததால் கற்பனை வேலை செய்தே ஆகவேண்டும். முடிவு எல்லோரையும் பாதிப்பதால் மற்றவர் பேச்சுக்குக் காதுகொடுக்க வேண்டும். கோபத்தையும் பயத்தையும் பாத்திரத்தின் வாயால் சொல்வது கூச்சமுள்ள குழந்தைக்கும் எளிது. நடிப்பை நிறுத்திவிட்டு, நடந்ததைப் பற்றிச் சிந்தித்துப் பேசும் நேரத்துக்கும் ஹீத்கோட் பெருமதிப்பு அளித்தார்.