பாதி மவுசும் ஒரு கைச்சக்கரமும்

வீட்டில் ஆர்கேட் பெட்டி செய்யும் வேலை ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. பிளைவுட் பெட்டி, பழைய மானிட்டர், ஜாய்ஸ்டிக், பட்டன்கள் எல்லாம் தயார். மாட்டிக்கொண்டது ஒரே ஒரு குமிழில். டெம்பெஸ்ட், ஆர்கனாய்ட் மாதிரி ஆட்டங்களுக்கு ஜாய்ஸ்டிக் உதவாது, திருகும் குமிழ் வேண்டும். "ஒரு நாப் வாங்க இத்தனை ஆராய்ச்சியா?" என்று வீட்டில் கேட்டார்கள். ஆராய்ச்சி தேவைதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இந்தக் குமிழ்கள் உள்ளே இரண்டு ஜாதி, கலந்து வைத்தால் ஆட்டமே வேறு ஆட்டமாகிவிடும்.

முதல் ஜாதி நம் வீட்டு ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோல். 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்பாதம் ஆஸிலோஸ்கோப் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றைக் காட்டினார். அதில் பந்து போகும் கோணத்தை மாற்ற ஒரு குமிழ் இருந்தது. 1972-இல் ரால்ஃப் பேயர் உருவாக்கிய மேக்னவாக்ஸ் ஒடிசியிலும் குமிழ்கள்தான். அதே வருடம் அட்டாரியின் பாங். முக்கால் சுற்று திரும்பி முட்டி நிற்கிற பொட்டென்ஷியோமீட்டர், மட்டை திரையில் எங்கே இருக்க வேண்டும் என்பதை நேரடியாகச் சொல்லிவிடும். குமிழ் நடுவில் இருந்தால் மட்டையும் நடுவில். 1976-இல் வந்த பிரேக்அவுட்டும் இப்படித்தான். அதன் முன்மாதிரியைச் செய்துகொடுத்த ஸ்டீவ் வாஸ்னியாக், அடுத்து ஆப்பிள் 2 கணினியை வடிவமைத்தபோது குமிழ் மாட்டவும் இடம் வைத்தார். இதன் குறை நம் தலைமுறைக்குத் தெரிந்ததுதான். தூசி ஏறினால் பழைய டேப்ரெக்கார்டரில் கரகரன்னு சத்தம் வருமே, திரையில் அதுவே மட்டையின் நடுக்கமாகத் தெரியும்.

இரண்டாவது ஜாதிக்கு முட்டும் இடமே கிடையாது. எங்கே இருக்கிறோம் என்பதும் அதற்குத் தெரியாது. எவ்வளவு நகர்ந்தோம், எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். 1977-இல் அட்டாரி 2600-க்காக வந்த ஓட்டுநர் கண்ட்ரோலர் பார்க்க பேடில் மாதிரியே இருக்கும். உள்ளே இருப்பதோ சுற்றுக்கு 16 படிகள் எண்ணும் என்கோடர். 1981-இல் டேவ் தியூரர் செய்த டெம்பெஸ்ட்டுக்கு இது இல்லாமல் முடியாது. குழாயின் வாயைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற ஆட்டத்தில் குமிழ் முட்டி நின்றால் கதை முடிந்தது.

டைட்டோவின் ஆர்கனாய்ட் (1986) இன்னும் சுவாரசியம். கடையில் நின்ற பெட்டியில் அது முடிவில்லாமல் சுற்றும் குமிழ். வீட்டு நின்டெண்டோவுக்கு வந்தபோது கூடவே கொடுத்த கண்ட்ரோலரில் பொட்டென்ஷியோமீட்டர். இரண்டையும் ஆடியவர்கள் ஒரே ஆட்டத்தை ஆடினார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

என்கோடர் எப்படித் திசையை அறிகிறது? எங்கள் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஓரடி இடைவெளியில் இருவர் நிற்கிறார்கள். ஆட்டை வெளியாள் முதலில் பார்த்தால் அது உள்ளே வருகிறது, உள்ளாள் முதலில் பார்த்தால் வெளியே போகிறது. துளைகள் உள்ள தட்டு, துளைக்குத் துளை உள்ள தூரத்தில் கால் பங்கு தள்ளி வைத்த இரண்டு ஒளி உணரிகள், அவ்வளவுதான். உருண்டை வைத்த பழைய மவுசுக்குள் இதே அமைப்பு இரண்டு செட் இருந்தது. பிரவுசிங் சென்டரில் டிஎக்ஸ்-பால் ஆடிய நாமெல்லாம் பெயர் தெரியாமலே ஸ்பின்னர் சுற்றியிருக்கிறோம். ஸ்பின்னர் என்பது பாதி மவுசு.

இங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. வெளிநாட்டிலிருந்து ஸ்பின்னர் வரவழைத்தால் கூரியரும் சுங்கவரியும் பொருளின் விலையைத் தொட்டுவிடும். ஓசூர் சிப்காட் பக்கமோ சி.என்.சி. இயந்திரம் இல்லாத பட்டறையைத் தேடத்தான் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு எம்.பி.ஜி. கைச்சக்கரம், சுற்றுக்கு 100 துடிப்பு. பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். படு தோல்வி. ஒவ்வொரு துடிப்புக்கும் டிக் டிக்கென்று பிடித்து நிற்கிறது. இருபது வருடம் சி.என்.சி. ஓட்டிய மாமா வந்து பார்த்துச் சிரித்தார். "மாப்ளே, இது கை தவறிப் பட்டாலும் டூல் நகரக் கூடாதுன்னு செஞ்சது. உனக்கு வேண்டியது, தட்டி விட்டா தானா ஓடறது." ஒரு வாரம் படித்தும் எனக்குப் பிடிபடாத விஷயம் அது.

அடுத்து பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சுற்றுக்கு 600 துடிப்பு என்கோடர் கிடைத்தது. இரண்டு உணரிகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணினால் 2400. ஏ.டி.மெகா32யு4 சிப் உள்ள சின்ன போர்டு அதைக் கணினிக்கு மவுசாகவே காட்டும், மேம் எமுலேட்டரும் ஒப்புக்கொள்ளும். ஆனால் வேகமாகச் சுற்றினால் மட்டை எதிர்ப்பக்கம் ஓடியது! தப்பு என் நிரலில். லூப்பில் போட்டு மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஆடுகள் ஓடும்போது வாசல்காரர் கண்ணை மூடித் திறந்தால் வரவு செலவாகத்தானே தெரியும்? இன்டரப்டுக்கு மாற்றியதும் சரியானது. பேரிங்கின் கெட்டி கிரீஸை எடுத்துவிட்டு, தண்டில் கனமான பித்தளைக் குமிழ் ஒன்றை மாமாவே லேத்தில் கடைந்து மாட்டிக்கொடுத்தார்.

செய்யப்போகிறவர்களுக்கு: துடிப்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அதிக எண்ணிக்கையை மேமின் அனலாக் அமைப்பில் குறைத்துக்கொள்ளலாம், தண்டின் இறுக்கத்தை எந்த மென்பொருளாலும் குறைக்க முடியாது. பாங், பிரேக்அவுட் மட்டும் ஆடுவதானால் பொட்டென்ஷியோமீட்டரே போதும், அதுதான் நியாயமும். நான் ஒரே பெட்டியில் இரண்டையும் வைக்கப்போகிறேன். பிளைவுட்டில் இரண்டாவது துளை போட்டாகிவிட்டது. மாமா இப்போதைக்கு டெம்பெஸ்ட்டை விட்டு நகர்வதாக இல்லை.